அண்ணா பதிவு செய்த கார்

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் ஒரே ஒரு கார்தான் நிற்கும். அதன் முகப்பில் ‘விற்பனைக்கல்ல’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை மாட்டியிருக்கும். சுதந்திரம் வந்த புதிதில் மைசூரில் புதுக் கார் வாங்க நினைத்தவர்கள் அந்த ஷோரூமில் பேரைப் பதிந்துவிட்டு, அந்த ஒற்றைக் காரைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க வேண்டியதுதான். என் அண்ணாவும் பதிந்திருந்தார். மின்சார இலாகாவில் என்ஜினீயர். சைக்கிளில் ஆபீசிலிருந்து திரும்பும் வழியில் அங்கே இறங்கி விசாரித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஷோரூம் மானேஜர் தமிழர், நல்ல மனிதர். “இந்த வருஷ மாடல் பூரா மெட்ராசுக்கும் பெங்களூருக்கும் போயிடுத்து சார், அடுத்த வருஷம் புது மாடல் வரும், அதுல பார்க்கலாம்” என்பார். அடுத்த வருஷமும் அதையே சொல்வார். அண்ணா அதை வீட்டில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார்.

கார் வருவதற்கு முன்பே அண்ணா போய்விட்டார். டைபாய்டு. அவர் மனைவி, என் மன்னிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு பையன், ஒரு பெண். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அப்பா முன்பே காலமாகிவிட்டதால், பெரியப்பாதான் வீட்டுக்குப் பெரியவர். மேல்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு வருஷம் கழித்து மானேஜரே வீட்டுக்கு வந்தார். அண்ணாவின் முறை வந்துவிட்டதாம். மனைவி என்ற முறையில் மன்னி எடுத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அடுத்தவருக்குப் போய்விடும் என்றார். அவர் சொல்லிவிட்டுப் போன இரண்டாம் நாள், குடகில் எஸ்டேட் முதலாளிகளுக்குக் கார் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் வாசலில் நின்றார். செய்தி அவருக்கு எப்படிப் போயிற்றோ!

“நோடி அம்மா,” பாருங்கம்மா என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். “நீங்க வண்டியைத் தொடவே வேணாம். ஷோரூம்ல எடுத்து என் கையில கொடுங்க. கம்பெனி விலைக்கு மேல எவ்வளவு வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

இன்று என் பேரன் புதுக் கார் வாங்கினான். தெருமுனை திரும்புவதற்குள் அதன் விலை இறங்கிவிட்டது என்று சிரிக்கிறான். அன்று நேர்மாறு. கம்பெனி வைத்த விலை ஒன்று. ஷோரூம் வாசலைத் தாண்டியதும் ஊர் கொடுக்கும் விலை வேறு. ஓடி ஓடித் தேய்ந்த பழைய வண்டிக்கும் புது வண்டியின் விலை கேட்பார்கள், கொடுக்கவும் ஆள் இருந்தது.

பெரியப்பாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. “பகவானா பார்த்துக் குடுத்திருக்கார். வித்துட்டுப் பணத்தைப் பாங்கில போடு. கொழந்தைகள் படிப்புக்கு ஆகும்,” என்றார்.

மன்னி தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். அப்புறம், “பாங்கில போட்டா தீர்ந்து போயிடும் மாமா. வாடகைக்கு விட்டா தினம் வரும்,” என்றாள். பெரியப்பா காபியைக் குடிக்காமலே பஸ் ஏறினார்.

அண்ணாவின் இன்ஷூரன்ஸ் பணம் முழுவதையும் போட்டு வண்டியை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட அன்றே, அதே மேஜையில், தன் பெயரில் இன்னொரு வண்டிக்குப் பதிந்தாள். மானேஜர் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார். “இதுக்கும் நாலஞ்சு வருஷம் ஆகுமோல்லியோ?” என்றாள் மன்னி. “அப்போ இது பழசாயிருக்கும்.” கூட நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

டாக்சி பர்மிட் வாங்கி ஒரு டிரைவரை வைத்தாள். நஞ்சன்கூடு, மேல்கோட்டை, சாமுண்டி மலை என்று வண்டி ஓடியது. கல்யாண நாட்களில் ஓய்வே இருக்காது. டிரைவரிடம் சொல்லி விடியற்காலையில் பொருட்காட்சி மைதானத்தில் தானும் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்சும் வாங்கினாள். எதற்கு என்று நான் கேட்டபோது, “அவன் ஒரு நாள் வரலைன்னா?” என்றாள்.

அவன் வராத நாளும் வந்தது. லாரிக் கம்பெனியில் நல்ல சம்பளம் கிடைத்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். அன்று பார்த்து மேல்கோட்டையில் ஒரு கல்யாணம். பெண்ணையும் வீட்டாரையும் மைசூரிலிருந்து அழைத்துப்போக முன்பணம் வாங்கியிருந்தோம். மன்னி பழுப்பு நிறப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான்.

பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நெற்றியில் பொட்டில்லாத ஒருத்தி, கல்யாணப் பெண் ஏறும் காரை ஓட்டி வந்திருக்கிறாள். பெண்ணின் மாமா முன்னால் வந்தார். “டிரைவர் எங்கே?” என்றார்.

“நான்தான்.”

“வேற வண்டி பார்த்துக்கறோம்.”

“பாருங்கோ. கிடைக்கலைன்னா சொல்லுங்கோ, இங்கேயே இருக்கேன்,” என்றாள் மன்னி. குரல் உயரவில்லை. மைசூரில் அந்த மாதத்தில், அந்த நேரத்தில், வேறு கார் எங்கே கிடைக்கும்? ஒரு ஆள் சைக்கிளில் போய் வெறுங்கையோடு திரும்பினான். கடைசியில் பெண்ணின் அம்மா படியிறங்கி வந்தாள். மகளின் கையைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றினாள். “முகூர்த்தத்துக்கு நாழியாறது. வரவா வாங்கோ,” என்றாள். அந்த மாமா மட்டும் பஸ்ஸில் வந்தார். தாலி கட்டி முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தார்.

அதற்குப் பிறகு மன்னி வேறு டிரைவர் வைக்கவில்லை. சிலர் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பெண்களை மட்டும் அனுப்ப வேண்டியிருந்தவர்கள் அவளையே தேடி வந்தார்கள். அது பிழைப்புக்குப் போதுமானதாக இருந்தது.

நாலு வருஷம் போனது. புது மாடல் ஒன்று வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதலாகவே மைசூருக்கும் அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் பழைய மாடலின் விலை சரிந்துவிட்டது. மன்னியின் இரண்டாம் பதிவுக்கும் முறை வந்தது. பழைய வண்டியை விற்றால்தான் புதியதற்குப் பணம் முழுசாகும். அதே தரகர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, மன்னி வாங்கிய விலையில் பாதியைச் சொன்னார். பெரியப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கே வித்திருக்கலாம்னு சொன்னேனே,” என்றார்.

“நாலு வருஷம் சோறு போட்டிருக்கே மாமா, அதைச் சேர்க்காம சொல்றேளே,” என்றாள் மன்னி. பெரியப்பா அன்று காபியைக் குடித்தார்.

கொள்ளேகாலில் புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவர், தரகரைவிடக் கொஞ்சம் கூடவே கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டார். சுற்றிலும் கிராமங்கள், பஸ்ஸை நம்ப முடியவில்லை என்றார். மன்னி அவருக்கு கியர் எங்கே முரண்டு பிடிக்கும், ஏற்றத்தில் எப்போது ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள்.

வண்டி கிளம்பியதும் பையன் கேட்டை உதைத்தான். அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும். “அது அப்பாவோட கார். ஏம்மா குடுத்தே?” என்று கத்தினான்.

மன்னி அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்கப்பா ஒரு நாளாவது அதுல ஏறியிருந்தார்னா, குடுத்திருக்க மாட்டேன்டா.”