விஜயராணி தொடவிடாத கம்ப்யூட்டர்

பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே விஜயராணிக்கு வாய்க்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. செக்கிங் மேசையில் நின்றுகொண்டுதான் துணி பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவள் மூலையில் கிடந்த ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டையக் கண்ணுதான சார் பாக்கணும், காலா பாக்கும்?"

சூப்பர்வைசர் முறைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் அந்த மேசையைச் சுற்றி எல்லாருக்கும் ஸ்டூல் வந்தது. அவளால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கரிசல்காட்டு ஊர் அவளுடையது. கல்யாணமான கையோடு கணவன் சந்தனத்துடன் திருப்பூருக்கு வந்தாள். அவன் வேறொரு கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். பிளஸ் டூ வரை படித்தவள் என்பது முதலாளி சண்முகவேலின் காதுக்குப் போனது. சாம்பிள் செக்‌ஷனில் அளவுகளை அடித்து வைக்க ஆள் தேவைப்பட்ட நேரம் அது.

"கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?"

"தெரியாது சார். கத்துக்கிடுதேன்."

வேலை முடிந்து போகிற வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். இரண்டாயிரத்து எட்டாம் வருடம் வந்தபோது, அந்தக் கம்பெனியில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் எதுவும் அவள் மேசையைத் தாண்டாமல் உள்ளே போகாது. எந்த சைஸுக்கு எத்தனை சென்டிமீட்டர் தோள்பட்டை, எந்தச் சட்டையில் எந்தப் பிரிண்ட், எந்தக் கலருக்கு எந்த நூல் என்று எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

அந்த ஆனி மாதம் டென்மார்க்குக்குக் குழந்தைகள் இரவு உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிற்பகல், கட்டிங் மாஸ்டர் பொங்கியண்ணன் ஒரு சந்தேகத்துக்காகக் கூப்பிட்டார் என்று விஜயராணி கட்டிங் செக்‌ஷனுக்குப் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்றது. பெட்டியின் முன்பக்கச் சிவப்பு விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அளவு சார்ட்டைத் திறந்தாள். திறக்கவில்லை. இன்னொன்றைத் திறந்தாள். அதுவும் இல்லை. கோப்புகளின் பெயர்களுக்குப் பின்னால் அவள் வைக்காத ஏதோ ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிண்ட் படங்களுக்கும் அதே கதி.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் புதிதாக ஒரு சின்னக் கோப்பு முளைத்திருந்தது. அது மட்டும் திறந்தது. ஆங்கிலத்தில் சில வரிகள். எழுத்துக்கூட்டி வாசித்தாள். உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், திறக்கும் சாவி எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, வேண்டுமானால் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இந்த முகவரிக்கு மெயில் போடுங்கள்.

பையர்களோடு பேசி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் பழனிமுத்துவைக் கூப்பிட்டாள். அவர் வந்து திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்ததை அவள் கவனித்தாள். அதற்குள் பக்கத்து மேசைக்காரர்களும் தையல் வரிசையிலிருந்து சிலரும் கூடிவிட்டார்கள்.

"பாட்டுப் போட்ட பென் டிரைவ் எதையாச்சும் சொருகியிருப்பே அம்மிணி. அதுலதான் இந்தக் கருமமெல்லாம் வரும்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"என்கிட்ட பென் டிரைவே கிடையாது சார்."

"பின்ன காத்துலயா வந்துச்சு?"

கூடியிருந்தவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவரை நம்பினார்கள் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சாமியப்பன் பொங்கலூர்க்காரர். அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றுக்கும் அவர்தான். மொபெட்டில் வந்து இறங்கி, கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். சண்முகவேலும் வந்து நின்றார்.

"வைரஸ் இப்ப இதுக்குள்ள இல்லீங்க. வந்த வேலைய முடிச்சுட்டுத் தன்னையே அழிச்சுக்கிச்சு" என்றார் சாமியப்பன்.

"அப்ப ஃபைலெல்லாம் தொறக்கணுமல்லங்க?" என்றார் முதலாளி.

"திருடனைத் தொரத்திட்டாப் பூட்டுத் தானா தொறந்துக்காதுங்க. உள்ள இருக்கற எழுத்தையெல்லாம் கலைச்சுப் போட்டிருக்குது. எப்படிக் கலைச்சுதுன்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும். உடைச்சுப் பாக்கலாம்னா நம்ம ஆயுசு பத்தாதுங்க. பார்மட் அடிச்சு, உள்ள இருக்கறத அழிச்சுட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்திக் குடுத்தர்றேன். மெஷினாச்சும் ஓடும்."

"ஆமாங்க, அதையே பண்ணுங்க. இப்பவே பண்ணீருங்க" என்றார் பழனிமுத்து.

அந்த அவசரம் விஜயராணிக்குப் பிடிக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"ஏம்மா, என்ன பண்றே?" என்றார் சண்முகவேல்.

"இது எப்படி வந்துச்சுன்னு தெரியாம யாரும் இதைத் தொடக்கூடாது சார். என் மேல பழி போட்டாச்சு. இதை அழிச்சுட்டா பழி மட்டும் அப்படியே நின்னுரும்."

"கம்ப்யூட்டர் என்னுதும்மா."

"பேரு என்னுது சார்."

சண்முகவேல் கெட்டவர் அல்ல. சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பத்திலிருந்து பனியன் தொழிலுக்கு வந்தவர். சஷ்டி தவறாமல் விரதம் இருப்பவர். ஆனால் பையர் என்ற சொல்லைக் கேட்டாலே பயந்துவிடுவார். மறுநாள் காலையில் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தவறு நடந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், அதோடு விட்டுவிடலாம் என்றார்.

"எழுத மாட்டேன் சார்."

"சரி, வேண்டாம். பூட்டுனவங்க கேக்கறதக் குடுத்துச் சாவிய வாங்கிப்போட்டா எல்லாம் முடிஞ்சுருமல்ல?"

"குடுத்தா சாவி தருவான்னு யாரு சார் ஜாமீன்? மூஞ்சி தெரியாத களவாணிப்பய. நம்ம குடுப்போம்னு தெரிஞ்சா மறுபடியும் வருவான்."

"பின்ன என்னதான் பண்ணச் சொல்றே? பையர்கிட்டப் போயி எல்லாம் போச்சுங்கன்னு சொல்றதா? மானம் போயிருமேம்மா."

"பறிகுடுத்தவனுக்கு என்ன சார் மானக்கேடு? களவாண்டவனுக்குத்தான் மானம் போகணும். பையர்கிட்ட உள்ளதச் சொல்லி, சார்ட்டைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேப்போம். அவங்க அனுப்புனதுதான எல்லாம்."

"என்னமோ பண்ணித் தொல" என்றார் கடைசியில்.

கணக்குப் பிரிவில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டென்மார்க்குக்கு அவளே மெயில் எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுடைய ஆங்கிலத்துக்குத் தெரியாது. பதில் வருமோ வராதோ என்று காத்திருக்கவும் அவளால் முடியவில்லை. பையர் ஒப்புதல் கொடுத்த சாம்பிள் உடுப்புகளை ஹேங்கரிலிருந்து இறக்கினாள். பொங்கியண்ணன் டேப் பிடிக்க, தோள், நெஞ்சு, கை நீளம் என்று அளந்து அளந்து காகிதத்தில் எழுதினாள். மறுநாள் டென்மார்க்கிலிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. சார்ட்டுகளை இத்துடன் இணைத்திருக்கிறோம், கப்பல் தேதி தள்ளக்கூடாது. அவ்வளவுதான். சண்முகவேல் அந்த இரண்டு வரியையும் நின்றபடியே திரும்பத் திரும்பப் படித்தார்.

டென்மார்க் ஆர்டர் தப்பித்தது. ஆனால் மற்ற பையர்களின் பழைய ஸ்டைல்களும் படங்களும் அந்த இருண்ட பெட்டிக்குள்ளேயே கிடந்தன. பழனிமுத்து இரண்டு முறை ஆள் விட்டு அதைத் தூக்கப் பார்த்தார். இரண்டு முறையும் விஜயராணி நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் சாமியப்பன் திரும்பி வந்தார். கோயமுத்தூரில் இந்தத் தொழிலில் இருக்கும் கூட்டாளி ஒருவரிடம் விசாரித்திருந்தார். வரும்போதே, "ஏனுங்கம்மிணி, அந்த மெஷினை யாரும் போட்டுறலியே?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

"ஒருத்தரையும் தொடவிடல."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. அந்த வைரஸ் ஃபைல் மேலயே எழுதலீங்களாமா. பூட்டுன நகல் ஒண்ணத் தனியா எழுதி வெச்சுட்டு அசலை அழிச்சிருக்குது. அழிச்சதுன்னாப் பேரை மட்டுந்தான் அடிச்சிருக்கும். அந்த எடத்துல வேற எதையும் எழுதாத வரைக்கும் உள்ளுக்குள்ள அப்படியே கெடக்குமுங்க. அன்னைக்கு நான் பார்மட் அடிச்சுப் புதுசா ஏத்தியிருந்தன்னா அத்தனையும் மண்ணாப் போயிருக்கும்."

ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, மீட்டெடுக்கும் ஒரு புரோகிராமை ஓட்டினார். கோப்புகள் வரத் தொடங்கின. எல்லாம் பெயரிழந்து வெறும் எண்களாக வந்தன. சில வரவே இல்லை. சில பாதியாக வந்தன. ஒரு கரடிப் பொம்மைப் பிரிண்ட் தலை மட்டும் தெரிய, கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறக் கட்டையாக வந்தது. ஆனாலும் பெரும்பகுதி வந்துவிட்டது.

"இது எப்படி உள்ள வந்துச்சுன்னும் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றாள் விஜயராணி.

அதுவும் கிடைத்தது. உங்கள் சரக்கில் குறை, படம் இணைத்திருக்கிறோம் என்று பழனிமுத்துவின் பெயருக்கு ஒரு மெயில் வந்திருந்தது. படம் என்று சொல்லி வந்தது படமே அல்ல. தன் கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்ததால் விஜயராணியின் மேசையில் உட்கார்ந்து அவர் அதைத் திறந்திருக்கிறார். திறந்த நேரமும் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் அவள் கட்டிங்கில் தன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்று பொங்கியண்ணன் சொன்னார்.

முதலாளி அறையில் பழனிமுத்து தலை குனியவில்லை. "பையர் கம்ப்ளைண்ட்னு வந்தாத் தொறக்காம இருக்க முடியுங்களா? யாரா இருந்தாலும் தொறந்துதான் இருப்பாங்க."

"தொறந்தது தப்பில்ல சார்" என்றாள் விஜயராணி. "நானா இருந்தாலும் தொறந்திருப்பேன். என் மேல சொன்னதுதான் தப்பு."

"செரி, விட்டுரும்மா. அவரு மனசுலயும் பட்டிருக்கும்" என்றார் சண்முகவேல்.

"என் பேரு கெட்டது வெளிய, அத்தனை பேரு முன்னால. அங்க வந்து சொல்லட்டும் சார்."

சண்முகவேல் எழுந்து முன்னால் நடந்தார். வேறு வழியில்லாமல் பழனிமுத்து பின்னால் வந்தார். தையல் மெஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பழனிமுத்து எதையோ முணுமுணுத்தார். முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"மெஷினை நிறுத்தச் சொல்லுங்க சார்" என்றாள் விஜயராணி.

முதலாளி கையைக் காட்டினார். வரிசை வரிசையாக மெஷின்கள் நின்றன. பழக்கமில்லாத அந்த அமைதியில், தான்தான் திறந்ததாகவும் அந்தப் பெண் மேல் தவறு இல்லை என்றும் பழனிமுத்து சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் சண்முகவேல் அந்தத் திருட்டு முகவரிக்கு ஒரு மெயில் போட்டிருந்தார். அதற்குப் பதில், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. பணத்தைச் சீக்கிரம் அனுப்பினால் சலுகை தருவதாக எழுதியிருந்தார்கள். வெட்கத்தோடு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுக்கு என்னம்மா எழுதறது?"

"ஒண்ணும் எழுத வேண்டாம் சார். காத்துக் கிடக்கட்டும்."

பழனிமுத்து வேலையை விட்டுப் போகவில்லை. எதிர் மேசையில் உட்கார்ந்துகொண்டு, தீபாவளி வரை அவளிடம் ஆள் மூலமாகவே பேசினார். எண்களாக வந்த கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைப்பதற்குள் அவளுக்கு ஐப்பசி மழையும் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றி, வேறொரு அறையில் வைத்துப் பூட்டினாள். வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று சந்தனம் ஒருநாள் கேட்டான். "திருப்பூர்ல வேலைக்கா பஞ்சம்? வேற கம்பெனி கேட்டுக்குப் போயிருப்பேன். ஆனா எழுதிக் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

அடுத்த வருடம், பக்கத்துத் தெருக் கம்பெனி முதலாளி ஒருவர் முகம் வெளிறி சண்முகவேலைப் பார்க்க வந்தார். அவர் கம்பெனியிலும் அதே பூட்டு, அதே மாதிரி வரிகள். சண்முகவேல் அவரை விஜயராணியிடம் அனுப்பினார். முதலில் மெஷினை அணைத்து யாரையும் தொடவிடாதீர்கள், சாமியப்பனைக் கூப்பிடுங்கள், பையரிடம் உள்ளதைச் சொல்லுங்கள் என்றாள் அவள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"செரிங்கம்மா. ஆனா இது எங்களுக்கு வந்துதுன்னு வெளிய யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"உங்க பேரைச் சொல்ல மாட்டேன் சார்" என்றாள் விஜயராணி. "ஆனா இப்படி ஒண்ணு வருதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லத்தான் செய்வேன். ஒருத்தரும் வாயத் தொறக்காம இருக்கதுனாலதான் அவன் கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குதான்."

அன்று சாயங்காலம் கம்பெனி கேட்டருகே டீ குடிக்க வந்தவர்களிடமே தொடங்கிவிட்டாள்.