மடிப்பு மாஸ்டருக்கு வயது அறுபது

தெருவில் மற்ற வீடுகளைப் போலத்தான் இதுவும் ஒரு வாடகை வீடு. அறிவுசார் குறைபாடுள்ள ஐந்து ஆண்கள் சேர்ந்து வாழும் இல்லம். ஐந்து பேருக்கும் சமைப்பவள் நான். அவர்களில் ஒருவனை மடிப்பு மாஸ்டர் என்போம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறான். ஓரம் ஓரத்தோடு சேரும்வரை விடமாட்டான். என் கரித்துணியைக்கூட நான்காக மடித்து வைப்பவன்.

பாழாய்ப்போன அவன் சிரிப்பு படத்தில் நன்றாக விழும். அதனால் நன்கொடை தருகிறவர்கள் யார் கேக்கோடு வந்தாலும், “இன்னைக்கு இவனுக்குத்தான் பிறந்தநாள்” என்று இல்லத்து மேலாளர் அவனையே முன்னால் தள்ளுவார். வந்தவர்கள் கைதட்டுவார்கள், அவன் வாயில் கிரீமைத் திணிப்பார்கள், படம் எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு வருடத்தில் பத்தொன்பது கேக். நினைத்தாலே குமட்டுகிறது. கத்தி எடுத்துக் கொடுத்துக் கூடவே கைதட்டியவள் நான் என்பது அதைவிடக் குமட்டுகிறது.

போன வாரம் அவன் வேலைக்குக் கிளம்பவில்லை.

“எனக்கு அறுபது ஆயிடுச்சுக்கா. எங்க சூப்பர்வைசரும் அறுபதுலதான் வேலைய விட்டாரு.”

கேக் ஒன்றுக்கு வயது ஒன்று என்று எண்ணியிருக்கிறான் மனுஷன்! நான் இல்லையென்று தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். “அத்தனை பேரும் சொன்னாங்களே” என்றான். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். மேலாளரிடம் ஓடினேன்.

“அவனுக்கு என்னம்மா புரியும்? ரெண்டு நாள்ல மறந்துடுவான்.”

செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஞாயிற்றுக்கிழமையே அடுத்த கூட்டம் கேக்கோடு வந்து நின்றது. மாஸ்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

“வேணாம்க்கா. எங்கப்பா அறுபத்தொண்ணுலதான் செத்தாரு.”

“கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க” என்றாள் செல்போனை நீட்டியிருந்த ஒரு பெண்.

த்தூ! இவர்களும் மனிதர்களா? அலுவலறையிலிருந்து அவன் அடையாள அட்டையை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் காட்டினேன். “உனக்கு நாப்பத்திமூணுதான். உன் பிறந்தநாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. இதெல்லாம் பொய்.”

அட்டையிலிருந்த எண்களை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு வந்தவர்களைப் பார்த்தான், மேலாளரைப் பார்த்தான், கடைசியில் என்னை.

“அப்போ எல்லாரும் எதுக்குக்கா கைதட்டினீங்க?”

மறுநாள் காலை அவன் வேலைக்குப் போய்விட்டான், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்.