அம்மா பொரித்த மீன்

கறி கூடாது, மீன் சாப்பிடலாம் என்று டாக்டர் எனக்குக் காலையில் சொல்லிவிட்டார். இன்று மகள் தோசைக்கல்லில் மஞ்சள் தடவிய மீனைப் போட்டாள். அந்த வாசனையில் எனக்குச் சின்ன வயதில் இருந்த போலாரம் வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அங்கே ஞாயிறு பூசை முடிந்தால் ஆட்டுக்கால் பாயாவும் ரொட்டியும்தான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபின் அம்மா மீனுக்கு மாறினாள். எட்டு வயதில் நான் தட்டைத் தள்ளினேன். "மீன் நக்கோ, வேணாம். பாயாதான் வேணும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மீன் பொரிக்க அம்மா முன்னதாகவே வீட்டுக்குப் போனாள். அப்பா என்னை ஸ்கூட்டரில் லோத்குண்டாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். கொஞ்சநேரம் நான் பாயா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கிண்ணத்தில் ரொட்டியைத் தோய்த்தார். "அம்மாகிட்ட சொல்லிடாதே பாப்பா."

அதன்பின் எல்லா ஞாயிறும் போனோம். வீட்டுக்கு வந்து மீனையும் சாப்பிட்டோம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். "நான் கொடுத்த மீன்தான் அவருக்கு ஒத்துக்கலை" என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் அழுதாள். சாகும்வரை அவள் மீனைத் தொடவில்லை. நான் வாயைத் திறக்கவேயில்லை.

"ஏன் மம்மி, கண்ணு கலங்குது? முள்ளு குத்திடுச்சா?" என்றாள் மகள்.

"ஹவ், ஆமா, முள்ளுதான்" என்றேன்.