ஒரு கையெழுத்துக்கு இரண்டு முறை வத்திராயிருப்பு

காங்கோ போக எனக்கு நிதி கிடைக்கவில்லை. அதனால் வத்திராயிருப்புக்குப் போனேன். சிரிக்காதீர்கள், விளக்குகிறேன்.

பிரெஞ்சில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பிரான்சுக்கு வெளியே புழங்கும் பிரெஞ்சுதான் என் துறை. ஐ.நா. அமைதிப்படையோடு காங்கோ போன நம் பக்கத்து ராணுவத்தினர் அந்த மொழியை எப்படிப் பிடித்துக்கொண்டார்கள் என்பது நான்காம் அத்தியாயம். "திங்கட்கிழமைக்குள் ஒரு ஒலிப்பதிவு, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். இல்லையென்றால் அத்தியாயத்தை எடுத்துவிடு" என்று என் நெறியாளர் அம்மா சொல்லிவிட்டார். அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் நான் ஆய்வுக்கே வந்தேன். விடுவதாக இல்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரான ராஜபாளையத்தில் காலை 7.10க்கு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் 12 கிலோமீட்டர், அரை மணி நேரம், 15 ரூபாய். அங்கிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்புக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்கள் வரிசையாகத் திரும்பும்வரை பத்து நிமிடம் காத்துக் கிடக்க வேண்டும். 8.50க்கு இறங்கினேன். பிளவக்கல் சாலையில் நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 120 ரூபாய்.

"டேம் பாக்கவா வாரிய?" என்றார் ஆட்டோக்காரர்.

"பிரெஞ்சு ஆராய்ச்சிக்கு வாரேன்."

கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். அப்புறம் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

முத்தையா அண்ணாச்சி (இங்கே வரும் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்) ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காங்கோவில் ஒரு வருடம் இருந்திருக்கிறார், இப்போது தென்னந்தோப்பு பார்க்கிறார். அப்பாவின் நண்பர் மூலம் எண் கிடைத்தது. இளநீர் வெட்டிக் கொடுத்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை நீட்டினேன். நான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம். எழுந்துவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் பாத்தவன் தாயி. என்ன எழுதியிருக்குன்னு தெரியாத பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன். ரெக்கார்டும் வேண்டாம்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் அவர்மேல் இல்லை, என்மேல்தான். சாதாரண மனிதர்கள் எப்படி மொழி கற்கிறார்கள் என்று மூன்று வருடமாகப் படிக்கிறேன். அவர் படிக்க ஒரு தமிழ்ப் பக்கம் தயாரிக்கத் தோன்றவில்லை.

மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து படிவத்தை ஒரே பக்கத் தமிழில் எழுதினேன். நெறியாளருக்கு அனுப்பிச் சம்மதம் வாங்கினேன். டைப்பிங், பிரிண்ட் 60 ரூபாய்.

சனிக்கிழமை அதே 7.10 பஸ். அண்ணாச்சி கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். 'தங்கள் பெயர் வெளியிடப்படாது' என்ற வரியில் விரல் நின்றது.

"எம் பேரு வேண்டாம், சரி. எனக்குச் சொல்லிக்குடுத்தவ பேரு?"

கேம்ப் வாசலில் தக்காளி விற்ற பெண்ணாம், ஃபுராஹா. தினமும் ஒரு வார்த்தை. தப்பாகச் சொன்னால் தக்காளி கிடையாது.

"அம்புட்டு பிரெஞ்சும் அவ குடுத்தது. அவ பேரப் போடுதேன்னு எழுதிக் குடுங்க, பொறவு பேசுதேன்."

பேனாவால் கீழே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன். ரெக்கார்டரைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "போன்ஜூர், ஃபுராஹா" என்று வணக்கம் சொல்லித்தான் தொடங்கினார். நாற்பத்தேழு நிமிடம் பேசினார்.

இதுபோல ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு: படிவம் தமிழில் இருக்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், பதினோரு மணிக்கு மேல் தோப்பில் தேங்காய் வெட்டு இருந்தால் யாரும் பேச மாட்டார்கள். பால்கோவா வாங்கிப் போகாதீர்கள். நான் கொடுத்த பாக்கெட்டை அவர் மனைவி சிரித்துக்கொண்டே ஏற்கெனவே இருந்த மூன்று பாக்கெட்டோடு சேர்த்து வைத்தார்.

திங்கட்கிழமை நெறியாளர் முழுவதும் கேட்டார். அத்தியாயம் இருக்கட்டும் என்றார். படிவத்தின் அடியில் இருந்த பேனா எழுத்தைப் படித்துவிட்டு, "பெயரைப் போட அந்தப் பெண்ணிடம் கேட்டாயா?" என்றார். நியாயமான கேள்வி. கேட்காமல் போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காங்கோ போகும் நிதிக்கு மறுபடியும் விண்ணப்பித்துவிட்டேன். அங்கே இப்போது நிலைமை சரியில்லை என்று தெரியும், காத்திருப்பேன். வத்திராயிருப்புக்கு வழி சொல்லிவிட்டேன். கிழக்கு காங்கோவில் ஒரு தக்காளிக்காரியைத் தேடிப் போகும் வழி யாருக்காவது தெரிந்தால், கீழே எழுதுங்கள்.