தண்ணீர் படாத லேப்டாப்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் காற்று போக வழியில்லாமல் அதன் ஃபேன் கத்தியது. கொஞ்ச நேரத்தில் சூடேறிய தூசியின் வாசனை. அயர்ன் பாக்ஸைத் துணி மேல் மறந்து வைத்தால், கருகுவதற்குச் சற்று முன் வருமே, அது. "அதை முதல்ல கீழ எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள். ஒரு லேப்டாப்புக்கா இவ்வளவு கோபம் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

இரண்டாயிரங்களின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு லேப்டாப் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டெக்னீஷியனாக இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். சென்டரை எடுத்து நடத்தியவர் தாமோதரன், எங்கள் ஓனர். கழுத்தில் அட்டை, சட்டைப் பையில் நாலு ஸ்க்ரூ டிரைவர். என்னை டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது லேப்டாப்பை நீட்டினால் உடனே திறக்க மாட்டேன். அடிப்பக்கம் கைவைத்துப் பார்த்து, காதருகே பிடித்து, கண்ணை மூடி ஃபேன் சத்தம் கேட்பேன். எதிரில் இருந்தவர்கள் எப்படிச் சிரிக்காமல் இருந்தார்களோ தெரியவில்லை.

காக்களூர் தொழிற்பேட்டை ஆட்களின் லேப்டாப்பைத் திறந்தாலே அவர்கள் வேலை தெரிந்துவிடும். ரப்பர் யூனிட் என்றால் ஃபேன் இறக்கையில் கறுப்புப் பொடி, மாவு மில் என்றால் வெள்ளை. மும்தாஜ் அக்காவுடையதில் மட்டும் எதுவுமே இல்லை. அவ்வளவு சுத்தம்.

அக்காவின் குடும்பம் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். அவர் மணவாள நகரில் குடியிருந்துகொண்டு காக்களூரில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு மோல்டு, அதாவது அச்சு, செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டார். கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குத் தானே வரைந்து கொடுத்துத் தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காகவே சொந்தமாக வாங்கிய லேப்டாப். "அரை மணி நேரம் வரைஞ்சா போதும்பா, ஸ்கிரீன் ஃபுல்லா கலர் கலரா கோடு வந்துடுது" என்றார்.

தூசி இல்லையென்றாலும் ஃபேனைக் கழற்றித் துடைத்தேன். பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிப் புதியது தடவினேன். மறுபடி அதே கோடுகள். வேறொரு மானிட்டரில் இணைத்துப் பார்த்தேன், அதிலும் கோடுகள். ஆக, ஸ்கிரீன் மேல் குற்றமில்லை. சூட்டைக் காட்டும் புரோகிராமைப் போட்டால் கிராஃபிக்ஸ் சிப் நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேபிள் ஃபேனை நேராகத் திருப்பினால் கோடுகள் அடங்கின, நிறுத்தினால் வந்தன. அந்த மாதம் அதே மாடலில், அதே சிப்பில், அதே நோயோடு வந்த ஐந்தாவது லேப்டாப் அது. செய்யும்போதே கெட்டுப்போன சிப். வாரண்டி பாக்கியிருந்தது, போர்டையே இலவசமாக மாற்றித் தரலாம். சந்தோஷமாக ஓனரிடம் போனேன்.

"லிக்விட் டேமேஜ்னு எழுது" என்றார், தலை நிமிராமல்.

"தண்ணியே படல சார்."

"மேல இருந்து போன் வந்துச்சுடா. இந்த மாடலுக்கு போர்டு மாத்தினா நமக்குத்தான் பேஜாரு. எழுது."

எழுதினேன். தண்ணீர் பட்டது என்றால் வாரண்டி செல்லாது. காத்திருந்த மற்ற நால்வருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

சாயங்காலம் அக்கா வந்தார். காகிதத்தை இரண்டு முறை படித்தார். ஓனரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் தண்ணி பாட்டில்கூட பக்கத்துல வெக்கறதில்ல. நீதானே தொறந்த? நீ சொல்லுபா, தண்ணி இருந்துச்சா?"

ஓனர் என் தோளை ஒட்டி நின்றார். "ரிப்போர்ட்ல இருக்குதே மேடம்" என்றேன். அதுவரை அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காக்களூருக்கு ஓடினேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே வைத்து உண்மையைச் சொன்னேன். மன்னித்துவிடுவார் என்று வேறு எதிர்பார்த்தேன்.

"இத்த நேத்து சொல்லியிருக்கணும். இன்னிக்கி வந்து ரகசியம் பேசிக்கினுகீற" என்றார். அப்புறம் அவரே, "சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார்.

கிராஃபிக்ஸ் சிப்புக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அதை நிரப்ப ஒரு ரப்பர் துண்டு வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டுச் செப்புத் தகடு வைத்தால் சூடு இறங்கும் என்றேன். அக்கா உள்ளே போய்ச் செப்புப் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, அரம் போட்டு, முகம் தெரியும் அளவுக்குத் தேய்த்துக்கொண்டு வந்தார். பொருத்தினேன். இருபது டிகிரி இறங்கியது. கும்மிடிப்பூண்டிக்கு அவர் முதல் டிராயிங்கை முடித்து அனுப்பினார். இரண்டாவது டிராயிங் பாதியில் நிற்கும்போது ஒரு காலை லேப்டாப் விழிக்கவே இல்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று.

அடுத்த வருடம் கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. அந்த மாடலின் சிப்பில் குறை இருப்பது தெரிய வந்திருக்கிறது, வாரண்டி முடிந்திருந்தாலும் போர்டு இலவசமாக மாற்றித் தரப்படும் என்று. துள்ளிக் குதித்தேன். கடைசி வரியைப் படிக்கும்வரை. தண்ணீர் பட்டதாக ஏற்கெனவே பதிவானவற்றுக்கு இது பொருந்தாது.

"மாத்தி எழுதலாம் சார். நான் எழுதினதுதானே?"

"கம்ப்யூட்டர்ல ஏறினது ஏறினதுதான். போய் வேலையப் பாரு."

அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து சத்தம் வந்தது. எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அட்டையைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு நடந்தேன். பஸ் ஸ்டாண்டு போன பிறகுதான் டிபன் பாக்ஸ் ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் எடுத்தேன். "சாம்பார் ஊத்திக்கப் போவுது, பாத்து எடுத்துக்கினு போ" என்றார் ஓனர், ரொம்பப் பிரியமாக. அந்தப் பிரியத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

நேராக அக்காவிடம் போனேன். எல்லாம் கேட்டுவிட்டு, "எத்தினி பேருக்கு அப்டி எழுதின?" என்றார்.

"அஞ்சு பேருக்கும்."

"வேலைய வுட்டுட்டேன்னு வந்து சொல்ற. அதுல எனக்கு இன்னாபா?"

உள்ளே போய்விட்டார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி லேப்டாப்பே விற்பதில்லை. சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்குகிறது. அக்கா வேலை பார்த்த இடம் யாருடைய கோடவுனோ. என் மனைவியின் லேப்டாப் கெட்டால் கூரியர்காரர் வந்து வாங்கிக்கொண்டு போவார். எந்த ஊரிலோ ஒருவன் திறப்பான், ஏதோ எழுதுவான், "உங்கள் வாரண்டி கோரிக்கை ஏற்கப்படவில்லை" என்று போனில் ஒரு வரி வரும். அவன் முகத்தை நாங்கள் பார்க்கப்போவதில்லை. எங்கள் முகத்தைப் பார்க்கும் தொல்லையும் அவனுக்கு இல்லை.