சத்தம் குறைத்த போன்

முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்த அந்தப் போனின் கனம் இன்னும் மறக்கவில்லை. அது என்னுடையது இல்லை. மருமகள் கையிலிருந்து தந்திரமாக வாங்கி வைத்தது.

போன ஐப்பசியில் கடல் காற்று கிளம்பிய வாரம் அது. என் மகன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். திங்கள்கிழமை கரைக்கு வரவேண்டியவன் புதன்கிழமை காலை வரை வரவில்லை. தூரக் கடலில் போன் எடுக்காது. கரையை நெருங்கினால்தான் மணி அடிக்கும். ஏழு மாத வயிற்றோடு மருமகள் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைவாள், வாயில் வைக்க மாட்டாள். எனக்கும் பயம்தான். ஆனால் தெருவில் கிண்டல்காரி என்று பேர் வாங்கியவள் நான். நானே முகம் சுருங்கினால் அவள் என்ன ஆவாள்?

எங்கள் தெருப் பெண்கள் பத்து நாளாக ஒரு பள்ளிக்கூடக் காதல் படத்தைப் பற்றியே பேசினார்கள். சிரித்தே வயிறு வலிக்குமாம்.

"வாடி, பகலாட்டம் பாத்துட்டு வரலாம். உம் புருசன் வந்து நின்னான்னா கொஞ்சம் தேடட்டும், புத்தி வரும்" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

தியேட்டரில் உட்கார்ந்ததும் அவள் போனை வாங்கினேன். "எங்கிட்ட குடு. அடிச்சா சொல்றேன். நீ படத்தப் பாரு." மற்றவர்கள் திட்டுவார்களே என்று ஓரத்துப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் குறைத்தேன். மணி அடிக்காவிட்டாலும் அது நடுங்கும், இடுப்பில் தெரியாமலா போகும் என்று நினைத்தேன்.

படமா அது! மீசை முளைக்காத பையன் ஒருவன் எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் போனில் செய்தி அனுப்புகிறான். இரண்டு நாளாகப் பதில் இல்லை. மழையில் உருண்டு அழுகிறான். ஊர் சொன்ன சிரிப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போது பாட்டு ஒன்று ஆரம்பித்தது. அடித்த அடியில் நாற்காலி அதிர்ந்தது, தரை அதிர்ந்தது, என் இடுப்பும் அதிர்ந்தது.

"இன்னாடி இது, குந்திகினு கீற எடமே ஆடுது!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அத்தே, ரெண்டு நாளு பதிலு வரலன்னு இவன் இந்த அழுவ அழுவுறானே. எனக்கும் ரெண்டு நாளாச்சி. நான் எங்க போயி அழுவட்டும்?"

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படம் விட்டு வெளிச்சத்துக்கு வந்ததும் முடிச்சை அவிழ்த்தேன். மகன் பதினோரு தடவை கூப்பிட்டிருந்தான். திருப்பி அடித்தால் அவன் போன் அணைந்து கிடந்தது. ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பினோம். அது குலுங்கும்போதெல்லாம் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு தடவை எதற்குக் கூப்பிட்டான்? கரைக்கு வந்துவிட்டேன் என்று சொல்லவா, காப்பாற்று என்று சொல்லவா? பாட்டில் என் இடுப்பு அதிர்ந்ததே, அது அவன் கூப்பிட்டதுதான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பூட்டிய வாசலில் அவன் உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் உப்பு, கையில் செத்த போன். நடுக்கடலில் இன்ஜின் நின்று, வேறொரு படகு கட்டி இழுத்து வந்ததாம். அதை அப்புறம்தான் சொன்னான்.

"யம்மா, எங்கம்மா போய்ட்டீங்க? வூடு பூட்டிக் கீது, போன எடுக்கல. இவளுக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு ஆஸ்பத்திரிலாம் தேடிட்டு வரேன்." எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாய்யா, பேஜாரா கீதா? அரை நாளுக்கே இப்படியா?" என்றாள் மருமகள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

அழுது முடித்ததும் என்னிடம் கை நீட்டிப் போனை வாங்கினாள். ஓரத்துப் பொத்தானை அமுக்கிச் சத்தத்தைக் கூட்டினாள். என்னைப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தது நான்தான் என்று அவனிடம் அவள் இதுவரை சொல்லவில்லை.

இப்போது பேத்தி தவழ்கிறாள். அந்தப் படம் பக்கத்து வீட்டு டிவியில் ஓடுகிறது. அந்தப் பையன் மழையில் உருள்கிறான் போலிருக்கிறது. மகன் கடலில் இருக்கிறான், நேற்றே வந்திருக்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டப் போகும்போது மருமகள் போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சிக்கோ அத்தே. சத்தத்துல மட்டும் கை வைக்காத."

முந்தானையில் முடிந்து செருகிக்கொண்டேன். ஒன்றும் அதிராத இந்த வீட்டில், நிமிடத்துக்கு ஒருமுறை இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.