பின்னால் யாரும் இல்லை

கடைசி ஆள் வந்து நின்ற அதே நொடியில் காசியன் ப்ளாட்னர் கிளம்பிவிடுவார். பனிச்சறுக்குச் சங்கத்தின் குளிர்காலப் பயணத்தைப் பதினெட்டு ஆண்டுகள் நடத்தியவர் அவர். பதினெட்டு ஆண்டுகளும் இதே வழக்கம்தான். முன்னால் இறங்கியவர்கள் சரிவின் பாதியில் நின்று மூக்கைச் சிந்தி, ஆளுக்கொரு வாய் சாராயம் குடித்து, போன வருஷத்துப் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். கடைசியாக வருபவர் சறுக்குப் பலகையைத் திருப்பி நிறுத்தும்போது காசியனின் முதுகுதான் தெரியும். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு நிறைய ஓய்வு. தேவைப்படுகிறவருக்கு ஒரு மூச்சுகூடக் கிடையாது.

மக்தா இதைப் பதினான்கு வயதிலிருந்து பார்த்துவந்தாள். முதலில் தற்செயல் என்று நினைத்தாள். பிறகு கண்டிப்பு என்று நினைத்தாள். இருபத்தைந்தாவது வயதில் காசியன் அவளைக் கூட்டத்தின் வாலாக நியமித்தார். வால் என்றால் யாரையும் முந்தாமல், எல்லோருக்கும் பின்னால், கடைசி ஆளோடு வரவேண்டியவர். அந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் இது வேறு ஏதோ என்று அவளுக்குப் பட்டது.

காசியன் மேல்பண்ணை வீட்டின் நான்காவது பிள்ளை. பண்ணை மூத்தவனுக்குப் போயிற்று. பத்தொன்பது வயதில் மாநில இளையோர் அணிக்காகச் சறுக்கியவர், ஒரே விழுகையில் வலது முழங்காலை முறித்துக்கொண்டார். மிச்சமிருந்தது சறுக்குபவர்களை மேலே ஏற்றும் கிராமத்து நாற்காலி லிஃப்ட்டை இயக்கும் கண்ணாடி அறை. முப்பத்து நான்கு ஆண்டுகள் அதற்குள் உட்கார்ந்து, ஊர் ஊராக வந்த விருந்தினர்கள் நாற்காலியில் ஏறத் தெரியாமல் விழுவதைப் பார்த்தார். ஒருவர் விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், எழுந்து நிற்கும்வரை பொறுக்க வேண்டும், பிறகு சிரிக்க வேண்டும். சிரிக்க வேண்டும் என்பது வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்று அவர் சொல்வார். யாரும் அதைச் சரிபார்த்ததில்லை.

கிறிஸ்துமஸ் கூட்டம் கலைந்து பிப்ரவரிக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு ஓட்டை விழும். விடுதிகள் காலியாக இருக்கும். பள்ளத்தாக்குக்காரர்கள் தங்களுக்காகச் சறுக்குவது அப்போதுதான். ஒரு பேருந்து, இருபத்திரண்டு பேர், ஐந்து நாளில் ஐந்து மலை. ஆண்டு முழுக்க விழுந்தவர்களுக்காக லிஃப்ட்டை நிறுத்திய காசியன், அந்த ஐந்து நாளும் யாருக்காகவும் நிற்கமாட்டார். இதை நினைத்து மக்தா சில சமயம் அவருக்காக இரங்கியிருக்கிறாள். அந்த இரக்கம் அதிக நேரம் நிற்காது. எதிரில் இர்மா இருப்பாள்.

இர்மா கிழக்கே ஏரிக்கரைச் சமவெளியிலிருந்து இங்கே வாழ வந்தவள். கடையில் இறைச்சிப் பகுதியில் நிற்பவள், ஐம்பத்து மூன்று வயது. பள்ளத்தாக்குப் பிள்ளைகள் மூன்று வயதில் பழகுவதை அவள் முப்பது வயதைத் தாண்டிப் பழகினாள். அழகாக இல்லை, ஆனால் எந்தச் சரிவிலும் இறங்கிவிடுவாள். மெதுவாக. வாய் மட்டும் மெதுவானதில்லை. கணவன் லெயோன்ஹார்ட் இடுப்பெலும்பு மாற்றி வீட்டோடு கிடந்ததிலிருந்து தனியாகவே பயணத்துக்கு வந்தாள். ஊருக்குள் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளை எல்லோரும் 'நீங்க' என்றுதான் அழைத்தார்கள். மலையில் யாரையும் 'நீங்க' என்று சொல்லும் வழக்கமில்லை. அந்த ஐந்து நாள் மட்டும் அவளும் 'நீ'.

அந்த ஆண்டு புறப்பட்ட அன்று, பேருந்தில் காசியன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வருஷம் சின்ன பஸ்ஸு. பதினாறு சீட்டு. அஞ்சு மலையையும் கூட்டத்தோட சேர்ந்து நேரத்துக்கு முடிச்சவங்களுக்குத்தான் இடம். ஏப்ரல் கூட்டத்துல கை தூக்கி முடிவு பண்ணிக்கலாம்."

"கூட்டத்தோடன்னா? கூட்டம்தான் என்னைப் பார்த்ததும் ஓடுதே" என்றாள் இர்மா.

பேருந்து சிரித்தது. காசியன் சிரிக்கவில்லை.

முதல் நாள் இர்மா பன்னிரண்டு முறை வந்து நின்றாள்; பன்னிரண்டு முறையும் கூட்டம் கிளம்பியது. மாலையில் அவளுக்குத் தொடை நடுங்கி, காலணிக் கொக்கியைக் கழற்ற விரல் வரவில்லை. மக்தாதான் கழற்றிவிட்டாள்.

"நீ ஏன் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?" என்று இர்மா கேட்டாள்.

"சொன்னா கேக்கமாட்டாரு."

"சொல்லிப் பார்த்தியா?"

மக்தா இரண்டாவது கொக்கிக்குக் குனிந்தாள்.

இரண்டாம் நாள் இர்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட்டம் நின்றிருந்த இடத்துக்கு முப்பது மீட்டர் மேலேயே நின்றுவிட்டாள். பலகையைக் குறுக்கே வைத்துப் பனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்தாள். கடைசி ஆள் வராமல் கூட்டம் கிளம்ப முடியாது. கீழே மைனஸ் பதினாறில் இருபது பேர் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

"ராணியம்மா விருந்து சாப்பிடுறாங்கடா!" என்று கத்தினான் ஹெர்பெர்ட். இறைச்சி வெட்டும் கூடத்தில் வேலை செய்பவன். இர்மாவின் கடைக்கு மாமிசம் அனுப்புபவனும் அவன்தான்.

"நீ அனுப்புற தொடைக்கறியைவிட இது மெத்துனு இருக்கு!" என்று மேலிருந்து இர்மா கத்தினாள்.

சிலர் சிரித்துவிட்டார்கள். காசியன் சறுக்கு ஊன்றுகோலைப் பனியில் குத்திக்குத்தி ஒரு குழியே போட்டிருந்தார். அன்றும் மறுநாளும் இர்மா ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதையே செய்தாள். மக்தா பக்கத்தில் நின்றாள். வாலின் வேலை கடைசி ஆளோடு நிற்பது; அவள் நின்றாள். தனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். பட்டத்தோடு திரும்பியபோது பள்ளத்தாக்கு அவளையும் கொஞ்சம் சமவெளிக்காரியாகத்தான் பார்த்தது. காசியன் கொடுத்த வால் வேலைதான் அவளைத் திரும்ப உள்ளே சேர்த்தது. அந்த வேலையைக் கொண்டே அவரை எரிச்சல்படுத்துகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் கறுங்கணவாய் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் சறுக்கினார்கள். திரும்பி வர ஒரே வழி, அடிவாரத்து நாற்காலி லிஃப்ட். மூன்றே முக்காலுக்கு மூடுவார்கள். தவறவிட்டால் மலையைச் சுற்றி எண்பது கிலோமீட்டர். மதியத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கியது. மூன்றரைக்குக் கூட்டம் லிஃப்ட் வாசலில் நின்றது. இர்மா நூறு மீட்டர் மேலே நின்றாள்.

"அக்கா, இன்னைக்கு வேண்டாம். போயிடலாம்" என்றாள் மக்தா.

"ரெண்டே நிமிஷம். கால் கல்லா இருக்கு. நான் விழுந்தா நீதான் தூக்கணும்."

அப்போது மூட்டம் ஒரு கதவு போல விலகியது. கீழே எல்லோரும் தெளிவாகத் தெரிந்தார்கள். காசியன் தலையை உயர்த்திப் பார்த்தார். பார்வை இர்மாவிடம் நின்று, பிறகு மக்தாவிடம் நின்றது. மக்தா கையைத் தூக்கி ஆட்டினாள். அவர் ஊன்றுகோல்களை ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, திரும்பி, கூட்டத்துக்குப் பின்னால் தானும் நாற்காலியில் ஏறினார். மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது.

"பார்த்தான்" என்றாள் இர்மா.

இருவரும் விழுந்தடித்து இறங்கினார்கள். வாசலில் சங்கிலி போட்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் காலி நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன. லிஃப்ட்காரன், தாடி வைத்த இளைஞன், அறையிலிருந்து வெளியே வந்தான்.

"இன்னும் மணி ஆகலையே!" என்றாள் மக்தா.

"மேல காத்து ஏறிக்கிட்டே இருக்கு. சீக்கிரம் மூடச் சொன்னாங்க. உங்க ஆளுகிட்ட கேட்டேனே, பின்னாடி யாராவது இருக்காங்களான்னு. யாரும் இல்லைன்னாரு. அவரும் லிஃப்ட்காரராம், முப்பத்து நாலு வருஷமாம். அவர் சொன்னதை நம்பி, கடைசியா ஆள் ஏறின நாற்காலி நம்பரை மேல சொல்லிட்டேன், அது வந்ததும் நிறுத்திடுவாங்க."

அவன் தொலைபேசியில் மேலே கேட்டுப் பார்த்தான். காற்று அதிகம், முடியாது என்று பதில் வந்தது. அவன் முகம் வெளுத்திருந்தது. பின்னால் ஆள் உண்டா இல்லையா என்று ஒரு லிஃப்ட்காரன் கேட்டால் அதற்குப் பொய் சொல்லக்கூடாது. இதை இந்த மலைகளில் யாருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. சொல்லித்தர வேண்டியிருந்ததும் இல்லை.

பேருந்து, ரயில், ஏரியைச் சுற்றி மறுபடி பேருந்து. பலகைகளை மடியில் சாய்த்துக்கொண்டு இர்மா ஜன்னலைப் பார்த்தே பேசினாள்.

"நீயும் அவங்க ஆளுதானே."

"உன்கூடத்தானேக்கா நானும் மாட்டிக்கிட்டேன்."

"மாட்டிக்கிட்டது வேற. அவன் பார்த்ததை நீ பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹெர்பெர்ட் எழுந்து நின்று கைதட்டினான்.

"வந்துட்டாங்கப்பா சுற்றுலாப் பயணிங்க! ஏரி நல்லா இருந்துச்சா?"

"உன் மூளை மாதிரி உறைஞ்சு போய்க் கிடந்துச்சு" என்றாள் இர்மா. பிறகு காசியனை நோக்கி, "லிஃப்ட்காரன்கிட்ட என்ன சொன்ன?" என்றாள்.

காசியன் கரண்டியைக் கீழே வைத்தார். "பனிமூட்டம். எல்லாரும் ஏறிட்டாங்கன்னு நினைச்சேன்." பக்கத்திலிருந்த காலி நாற்காலியை இழுத்தார். அதன் முன்னால் தட்டு போட்டு மூடிய ஒரு சூப் கிண்ணம் இருந்தது. ஒன்றுதான் இருந்தது. "உக்காரு மக்தா. சூடா இருக்கட்டும்னு உனக்கு எடுத்து வெச்சேன். என்ன, அங்க ஒண்ணும் தெரியலதானே?"

இருபது முகங்கள் அவளைப் பார்த்தன. அவளுக்கு எல்லா முகங்களையும் பிறந்ததிலிருந்து தெரியும்.

"மூட்டம் இருந்துச்சு" என்றாள் மக்தா.

அது பொய்யில்லை. அதனால்தான் பிறகு அவளால் அதை மன்னிக்க முடியவில்லை.  இர்மா ஈரக் கையுறைகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மக்தா உட்கார்ந்தாள். பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப். அவள் முழுவதையும் குடித்தாள்.

ஐந்தாம் நாள் இர்மா ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரே வந்து நின்றாள். எங்கும் உட்காரவில்லை. இரண்டு முறை விழுந்தாள். நேரத்துக்கு முடித்தாள்.

ஏப்ரலில், விடுதிக் கூடத்தில் சங்கம் கூடியது. காசியன் எழுந்து, ஐந்து மலைகளையும் கூட்டம் நல்லபடியாக முடித்தது, நான்காம் நாள் இருவர் மட்டும் பிரிந்து போனார்கள் என்றார். அதில் ஒருவர் வால், கடமைக்காக நின்றவர், அவரைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அப்போது மக்தா எழுந்தாள்.  மூட்டம் விலகியது, அவர் பார்த்தது, தான் கையாட்டியது, லிஃப்ட்காரன் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

 காசியன் மெதுவாக, கிட்டத்தட்ட அன்பாகக் கேட்டார்.

"ஏம்மா, அன்னைக்குச் சாப்பாட்டு மேசையில இதைச் சொல்லலையே?"

 மூன்று மாதமாக அதே கேள்வியைத்தான் மக்தாவும் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படிச்சவங்களுக்கு யோசிக்க நேரம் வேணும்ல" என்றான் ஹெர்பெர்ட். சிரிப்பு எழுந்தது. கைகள் உயர்ந்தன. இர்மாவுக்கு இடம் இல்லை என்று பதினேழு கைகள். வாலுக்கு வேறு ஆளைப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அதற்குக் கையைத் தூக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை, அப்படியே ஆனது.

இர்மா மேலங்கியை மாட்டிக்கொண்டு, போகும் வழியில் மக்தாவின் பக்கத்தில் நின்றாள். "சூப் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

காசியன் இன்னும் மூன்று பயணங்கள் நடத்தினார். பிறகு பழைய முழங்கால் கைவிட்டது. லின்ஸில், ஆற்றோரச் சமவெளியில், மகள் வீட்டோடு போய் இருப்பதென்று முடிவானது. மலைக்காரருக்கு அதைவிடத் தண்டனை இல்லை என்று ஊரில் சொல்லிச் சிரித்தார்கள். புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் கடைக்கு வந்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் மக்தா நின்றாள்.

"அரைக்கிலோ புகையிட்ட பன்றிக்கறி. மெல்லிசா" என்றார்.

இர்மா வெட்டினாள். தாளில் சுற்றினாள். நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் நகரவில்லை.  இப்போது சொல்லிவிடுவார் என்று மக்தா நினைத்தாள். இர்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேசையில் ஊன்றிக் காத்திருந்தாள்.

"மெல்லிசா வெட்டுறீங்க" என்றார் காசியன். "எப்பவும் நல்லாத்தான் வெட்டுவீங்க."

பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனார்.

அடுத்த நவம்பரில் லின்ஸில் இறந்தார். சங்கத்து அறிவிப்புப் பலகையில் அவருடைய படம் ஒட்டியிருந்தது: இளவயதுப் படம், முழங்கால் முறிவதற்கு முன்னால் எடுத்தது. கீழே, மலையில் ஒருவரையும் விட்டுவிட்டு வராதவர் என்று அச்சடித்திருந்தார்கள். மக்தா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கடையிலிருந்து வந்த இர்மாவும் நின்று படித்தாள். படித்துவிட்டுப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். உன்னைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் யாரும் இல்லை என்று சொன்னேன் என்ற ஒரே ஒரு வாக்கியம் அவளுக்கு வரவேண்டியிருந்தது. அதைத் தரக்கூடிய ஒரே ஆள் தராமலே போய்விட்டார்.